பேட்ச் மாறினாலும் மாறாம வர்ற கழிச்சல்: ஒரு பன்றிப் பண்ணை கேஸ்

இந்தப் பண்ணைல குட்டிகள 21 நாள்ல தாய்கிட்டேர்ந்து பிரிச்சு வேற கொட்டகைக்கு மாத்துவாங்க. மாத்தின நாலாவது இல்லன்னா அஞ்சாவது நாள் கழிச்சல் வரும், தண்ணில கொலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாட்டிக் கலந்து விடுவாங்க, நிக்கும், அடுத்த பேட்ச் வரும், திரும்ப அதே நாள் அதே கழிச்சல். ரொம்ப நாளா இப்படியே ஓடிட்டு இருந்திருக்கு, யாரும் பெருசா எடுத்துக்கல, ஏன்னா மருந்து குடுத்தா நின்னுடுது. கடைசியா வந்த பேட்ச்ல மருந்து குடுத்தும் நிக்கல, அதோட செத்ததும் நோஞ்சான் குட்டி இல்ல, பேட்ச்லயே நல்லா கொழுகொழுன்னு எடை ஏறி இருந்த குட்டிங்க. அப்பதான் கூப்பிட்டாங்க.

ஓனருக்கு ரெண்டு சந்தேகம், ஒண்ணு தண்ணி சரியில்ல, இன்னொண்ணு தீவனக் கம்பெனி ஏதோ மாத்திட்டான். "பசி எல்லாம் இல்ல டாக்டர், தட்டு காலியாகுது, வயித்த நீங்களே தொட்டுப் பாருங்க"ன்னு சொன்னார். வயிறு நிஜமாவே கும்முனு இருந்துச்சு. இந்த ஒரு வரிய ஞாபகம் வெச்சுக்கோங்க, கேஸ் முழுக்க இதுலதான் சுத்துது.

மொதல்ல பார்த்தது. காய்ச்சல் இல்ல. கண்ணு உள்ள போயிருக்கு, தோலைப் பிடிச்சு விட்டா மெதுவாதான் இறங்குது, சிலதுக்கு காது நுனியும் அடிவயிறும் நீலம் பாரிச்சிருக்கு. வாந்தி கிட்டத்தட்ட இல்ல, தாய்ப்பன்றிங்க எல்லாம் நல்லா இருக்கு, பக்கத்து கொட்டகைல பெரிய பன்றிங்களுக்கும் ஒண்ணும் இல்ல. இது முக்கியம், ஏன்னா பிஇடி மாதிரி கொரோனா வைரஸ் உள்ள வந்திருந்தா வயசு வித்தியாசம் பார்க்காம பண்ணை பூரா பேதியும் வாந்தியும் ரெண்டு மூணு நாள்ல பரவும், பிறந்த குட்டிங்கதான் கொத்து கொத்தா சாகும். இங்க அப்படி இல்ல. மூணு நாள் குட்டிக்கு ரத்தமா போனா க்ளாஸ்ட்ரிடியம் சி டைப்ப நினைக்கலாம், ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள பசை மாதிரி மஞ்சளா போய் ஆன்டிபயாட்டிக்குக்கு அசையலன்னா காக்ஸிடியா. பால் மறக்கடிச்ச அஞ்சாம் நாள்ல தண்ணியா போனா முக்கால்வாசி ரெண்டே பேர்தான் லிஸ்ட்ல, டாக்ஸின்ங்கிற நச்சு விடுற ஈ.கோலை பாக்டீரியா, இல்ல ரோட்டா வைரஸ், பல தடவை ரெண்டு பேரும் கை கோர்த்துட்டு வருவாங்க.

அடுத்தது பிஹெச் பேப்பர், மலம் அமிலமா காரமான்னு நிறத்துல காட்டுறது. கைல எப்பவும் வெச்சிருக்க வேண்டிய பொருள் இது, இத விட சீப்பான டெஸ்ட் கால்நடை வைத்தியத்துல இருக்கான்னு தெரியல. ஆனா தரையில கிடக்கிறத தொட்டுப் பார்க்கக் கூடாது, மூத்திரம் கலந்திருக்கும், நம்பர் தப்பா வரும். குட்டிய தூக்கிப் பிடிச்சு வால தூக்கினாலே போதும், அந்த பயத்துலயே கொஞ்சம் விடும், அத நேரா பேப்பர்ல பிடிக்கணும். பெரிய குட்டிங்க இருந்த மூணு அறைலயும் பேப்பர் பச்சையத் தாண்டி நீலத்துக்குப் போச்சு, எட்டுக்குப் பக்கம். சின்ன குட்டிங்கள பிரிச்சுப் போட்ட ஒரு அறைல மட்டும் மஞ்சள் பக்கம் நின்னுச்சு, ஆறுக்கும் கீழ. ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரே நாள், ஆனா ரெண்டு விதமான கழிச்சல்.

ஏன் இப்படின்னு புரிய குடல் தண்ணிக் கணக்கு கொஞ்சம் தெரியணும். மனுஷனுக்கு நல்லா அளந்து வெச்ச கணக்கு இருக்கு, ஒரு நாளைக்கு சிறுகுடலுக்குள்ள சுமார் 9 லிட்டர் வருது, நாம குடிக்கிறது அதுல 2 லிட்டர்தான், மீதி 7 லிட்டரும் எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் சுரக்கிறதுன்னு உடம்பே உள்ள ஊத்துறது. பெருங்குடலுக்குப் போறது ஒண்ணரை லிட்டர் மாதிரி, வெளிய போறது 200 மில்லிக்கும் கம்மி. பன்றிக்கும் அளவுதான் வேற, முறை இதேதான். அதாவது குடல் எப்பவும் ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல செய்யுது, உள்ள ஊத்துது, திரும்ப உறிஞ்சுது. குடல் உள்சுவர்ல சின்ன விரல் மாதிரி நீட்டிட்டு நிக்கிறது குடலுறிஞ்சி, அதோட மேல்பக்கம் உறிஞ்சுற செல்லு, அடியில பள்ளத்துல இருக்கிறது சுரக்கிற செல்லு. கழிச்சல்னா இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணு கவுந்துடுச்சுன்னு அர்த்தம், எது கவுந்துச்சுங்கிறத வெச்சுத்தான் வைத்தியமே மாறும்.

ஈ.கோலை விஷயத்துல செல்லு சாகுறதில்ல. எஃப்4ன்னு ஒரு வகை நார் மாதிரி முடி அதுங்களுக்கு இருக்கு, அத வெச்சு குடலுறிஞ்சி மேல ஒட்டிக்கும், ஒட்டிக்கிட்டு டாக்ஸின் விடும். எல்டி டாக்ஸின் செல்லுக்குள்ள சைக்ளிக் ஏஎம்பிங்கிற சிக்னல் பொருள ஏத்தும், எஸ்டிஏ டாக்ஸின் சைக்ளிக் ஜிஎம்பிங்கிற இன்னொண்ண ஏத்தும், வழி வேற ஆனாலும் முடிவு ஒண்ணுதான், க்ளோரைடு குழாய் திறந்தபடியே நின்னுடும், உப்பு வெளிய கொட்டும், பின்னாடியே பைகார்பனேட்டும் தண்ணியும் கொட்டும். சோடியத்த சும்மா உறிஞ்சுற வாசல் ஒண்ணு இருக்கு, அதுவும் அந்த நேரத்துல அடைச்சுக்கும். பைகார்பனேட் போறதாலதான் பேப்பர் நீலமாகுது. ரோட்டா வைரஸ் வேற கதை, அது குடலுறிஞ்சி நுனில இருக்கிற செல்லையே கொல்லும், உறிஞ்ச ஆள் இல்ல, லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை செரிக்காம பெருங்குடலுக்குப் போகும், அங்க பாக்டீரியா அத புளிக்க வைக்கும், அமிலமாகும், பேப்பர் மஞ்சளாகும். பேப்பர மட்டும் வெச்சு டயக்னோசிஸ் எழுதக் கூடாதுதான், ஆனா எந்த அறைலேர்ந்து என்ன சாம்பிள் அனுப்பணும்னு அது சொல்லிடும்.

அன்னைக்கு காலைல செத்த ஒரு குட்டிய போஸ்ட்மார்ட்டம் பண்ணோம், செத்து ரொம்ப நேரம் ஆகியிருந்தா குடல் தானே கரைஞ்சு போய் ஒண்ணும் தெரியாது, இது சூடு கூட முழுசா ஆறல. நல்ல சதைப் பிடிப்பு, உள்ள மட்டும் வறண்டு போயிருக்கு, தோலுக்கு அடில ஒட்டு ஒட்டுன்னு இருக்கு. இரைப்பைய கீறினா ஓனர் சொன்னது சரிதான், முழுசா அடைஞ்சு தீவனம், அதுவும் காய்ஞ்ச தீவனம், தொட்டா மாவு மாதிரி உதிருது, அமில வாடையே சரியா இல்ல. இரைப்பையோட அடிப்பக்க சுவர் சிவந்து கிடக்கு. சிறுகுடல் முழுக்க வெளிர் மஞ்சளா தண்ணி, குடல் சுவர் தொளதொளன்னு, ஆனா புண்ணு இல்ல, ரத்தம் இல்ல. பெருங்குடல்லயும் தண்ணி. கல்லீரல், நுரையீரல்ல ஒண்ணும் பெருசா இல்ல. நடு சிறுகுடல் துண்டு ரெண்டு ஃபார்மலின்ல, ஒரு துண்டு கட்டி ஐஸ்ல கல்ச்சருக்கு, சின்ன குட்டி அறைலேர்ந்து தனியா மலம் பிசிஆருக்கு.

ரிசல்ட் வந்தப்போ பெரிய ஆச்சரியம் இல்ல. பெரிய குட்டிங்ககிட்டேர்ந்து ரத்தம் கலந்த அகர் தட்டுல சிவப்பணுவ உடைக்கிற (ஹீமோலிசிஸ் பண்ற) ஈ.கோலை கிட்டத்தட்ட வேற எதுவும் கலக்காம வளர்ந்திருக்கு, பிசிஆர்ல எஃப்4, எல்டி, எஸ்டிபின்னு இன்னொரு டாக்ஸின், மூணும் பாசிட்டிவ், எஃப்18ங்கிற வேற வகை முடி நெகட்டிவ். சின்ன குட்டி அறைல ரோட்டா வைரஸ் ஏ. ஈ.கோலை கொலிஸ்டினுக்கு ரெசிஸ்டன்ஸ், அதாவது அந்த மருந்துக்கு சாகாது. இத ப்ராத் மைக்ரோடைல்யூஷன்ல, அதாவது மருந்த திரவத்துல பல அளவுல கரைச்சு, பார்க்கச் சொல்லித்தான் அனுப்பினோம், ஏன்னா கொலிஸ்டின் மாலிக்யூல் பெருசு, அகர்ல சரியா பரவாது, வட்ட டிஸ்க் வெச்சு பார்த்தா சும்மாவே சென்சிட்டிவ்னு காட்டும், அத நம்பி இன்னும் ரெண்டு பேட்ச் ஓட்டிடுவாங்க. 2015ல சீனாவுல கொலிஸ்டினத் தாங்க வைக்கிற எம்சிஆர்-1 ஜீன் பன்றிங்ககிட்டயும் இறைச்சிலயும் ஆஸ்பத்திரி நோயாளிங்ககிட்டயும் இருக்குன்னு வெளிய வந்ததுக்கு அப்புறம் இந்த மருந்த பேட்ச் பேட்ச்சா தண்ணில ஊத்துறதப் பத்தி பேசவே கூச்சமா இருக்கணும், மனுஷனுக்கு கடைசி கட்டத்துல குடுக்க வெச்சிருக்கிற மருந்து அது.

பேத்தாலஜி ரிப்போர்ட்ல ஒரு வரிதான் எனக்கு மத்ததெல்லாத்தையும் விட முக்கியமா பட்டுச்சு. குடலுறிஞ்சி மேல பாக்டீரியா வரிசையா ஒட்டிருக்குன்னு இருந்துச்சு, அது எதிர்பார்த்ததுதான். கூடவே குடலுறிஞ்சி குட்டையா இருக்கு, பள்ளம் ஆழமா இருக்குன்னும் இருந்துச்சு. எஃப்4 ஈ.கோலை குடலுறிஞ்சிய வெட்டாது. ரோட்டாவும் இந்த குட்டில இல்ல. அப்போ குட்டையாக்கினது யாரு?

இதுக்கு பதில் 1980களிலேயே இருக்கு. ஹாம்ப்சன்ங்கிற ஆராய்ச்சியாளர் 1986ல 21 நாள்ல பால் மறக்கடிச்ச குட்டிகளோட குடல அளந்து எழுதினார், பிரிச்ச 24 மணி நேரத்துலயே குடலுறிஞ்சி உயரம் முன்ன இருந்ததுல முக்கால் பங்குக்கு வந்துடுது, அஞ்சாவது நாள் வரைக்கும் இறங்கிட்டே போய் கிட்டத்தட்ட பாதியாகுது. நோய் எதுவும் இல்லாத குட்டிக்கே இது. காரணம் பட்டினி. குடல் உடம்போட எடைல ஒரு சின்ன பங்குதான், ஆனா உடம்பு செலவழிக்கிற ஆக்ஸிஜன்ல அஞ்சுல ஒரு பங்க அது எடுத்துக்குது, அந்த செல்லுங்க தன் சாப்பாட்டுல பெரும்பகுதிய ரத்தத்துலேர்ந்து எடுக்கிறதில்ல, உள்ள ஓடுற தீவனத்துலேர்ந்தே நேரா எடுத்துக்கும், க்ளுட்டமேட், க்ளுட்டமின் மாதிரி அமினோ அமிலங்கள. உள்ள எதுவும் வரலன்னா ரத்தத்துல எவ்வளவு ஊட்டம் இருந்தாலும் குடல் சுருங்கும், ரத்தக் குழாய் வழியா மட்டும் முழு ஊட்டம் குடுத்து வளர்த்த குட்டிகள்ல இதத்தான் பார்த்தாங்க. தீவனம் குடலத் தொட்டாத்தான் ஜிஎல்பி-2 ஹார்மோன் வரும், அது வந்தாத்தான் பள்ளத்துல புது செல்லு பிறந்து மேல ஏறும்.

சரி, ஆனா ஓனர் சொன்ன கும்முனு இருக்கிற வயிறு? அதுக்காகத்தான் அடுத்த பேட்ச்ல ஒரு வேலை பண்ணோம். பிரிச்ச அன்னைக்கே தீவனத்துல நீல உணவுச் சாயம் கலந்து போட்டோம், ஆராய்ச்சில இண்டிகோ கார்மைன் போட்டு செய்யிற முறைதான் இது. மறுநாள் சாயங்காலம் ஒவ்வொரு குட்டியா தூக்கி மலம் பார்த்தோம். தின்ன குட்டிக்கு பச்சையும் நீலமுமா வரும், தின்னாததுக்கு வராது. தட்டு காலி ஆகிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா காலி பண்ணினது பாதிக்கும் கொஞ்சம் அதிகமான குட்டிங்கதான், மீதிக்கு சுத்தமா நிறமே இல்ல. இன்னும் ஒரு நாள் தள்ளி பார்த்தப்பவும் சில குட்டிங்க நிறமே இல்லாம இருந்துச்சு, அதுல பலதும் பிரிக்கும்போது எடை அதிகமா இருந்த குட்டிங்க. நிறம் வராததுங்க முதுகுல மார்க்கர்ல கோடு போட்டு விட்டோம். நாலாவது நாள் கழிச்சல் ஆரம்பிச்சப்போ கோடு போட்டதுங்கதான் முன்வரிசைல நின்னுச்சு, எல்லாமே இல்ல, ஆனா பெரும்பாலும்.

எடை அதிகமான குட்டி ஏன் தின்னல? எனக்குத் தோணுறது இதுதான். நல்ல பால் வர்ற முன்பக்க காம்பு பிடிச்ச குட்டிக்கு தாய்கிட்ட இருக்கும்போது கிரீப் தீவனத்த, அதாவது பால் குடிக்கிறப்பவே பழக்க வைக்கிற தீவனத்த, மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்ல, பின்னாடி காம்புல ஏமாந்து நின்னதுதான் தட்டுல வாய் வைக்கும். பிரிச்ச அன்னைக்கு நல்லா வளர்ந்த குட்டிக்கு தீவனம்னா என்னன்னே தெரியாது. அதோட தாய் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மாதிரி உறுமி கூப்பிடும், எல்லாம் ஒண்ணா ஓடி வந்து ஒண்ணா குடிக்கும், நாளைக்கு இருபது தடவைக்கு மேல. திடீர்னு உறுமலும் இல்ல, சூடும் இல்ல, பழக்கமில்லாத குட்டிங்க, சண்டை, ஒரு சின்ன தட்டு, காய்ஞ்ச தூள். ரெண்டு நாள் பட்டினி கிடந்து அப்புறம் பசி தாங்காம ஒரே மூச்சுல வயிறு அடைய தின்னும். நாம போஸ்ட்மார்ட்டம்ல பார்த்த இரைப்பை அந்த மூணாவது நாள் இரைப்பை. முழுசா இருந்த வயிறுதான் பட்டினிக்கு சாட்சி, ஓனர் அத வெச்சுத்தான் பட்டினியே இல்லன்னு சொன்னார்.

இப்ப அந்த தீவனத்துக்கு உள்ள என்ன நடக்கும்னு பாருங்க. பால் குடிக்கிற குட்டி இரைப்பைல சொந்த ஹைட்ரோக்ளோரிக் அமிலம் ரொம்ப கம்மி, லாக்டோபாசில்லஸ் பால் சர்க்கரைய லாக்டிக் அமிலமாக்கித் தர்றதுதான் அங்க இருக்கிற புளிப்பு. பால் நின்னா அதுவும் நின்னுடும். அந்த நேரம் பார்த்து நாம குடுக்கிற ஸ்டார்ட்டர் தீவனத்துல சுண்ணாம்புக்கல் தூள் கால்சியத்துக்காக தாராளமா இருக்கும், அது இருக்கிற அமிலத்தையும் குடிச்சிடும். பிஹெச் நாலுக்கு மேல நின்னா புரதத்த செரிக்கிற பெப்சின் வேலை செய்யாது, வாய் வழியா போற ஈ.கோலையும் சாகாது. என்சைம் பக்கம் பார்த்தா பிறக்கும்போது பால் சர்க்கரைய செரிக்கிற லாக்டேஸ் உச்சத்துல இருக்கும், தீவனத்து மாவையும் சர்க்கரையையும் செரிக்க வேண்டிய மால்டேஸும் சுக்ரேஸும் கிட்டத்தட்ட இருக்காது, வாரம் போகப் போக ஒண்ணு இறங்கி மத்தது ஏறும், 21 நாள்ல அந்த மாற்றம் பாதி வழிலதான் நிக்கும். அதோட எல்லா என்சைமும் உக்காந்திருக்கிறது குடலுறிஞ்சி நுனில, அந்த நுனிதான் ரெண்டு நாள் பட்டினில போச்சு. செரிக்காத புரதம் கீழ போகும், அங்க பாக்டீரியாவுக்கு விருந்து, அம்மோனியாவும் அமீன்களும் வரும். தண்ணிய காப்பாத்த வேண்டிய பெருங்குடல் இந்த வயசுல நாரப் புளிக்க வைக்கிற அளவுக்கு வளரல, புளிச்சா வர்ற சின்ன கொழுப்பு அமிலங்கதான் சோடியத்தையும் தண்ணியையும் கூட இழுத்துட்டு உள்ள போகும், அது இல்லாம பெருங்குடல் ஈடு கட்டாது. பெரிய பன்றிக்கு சிறுகுடல்ல கோளாறு வந்தாலும் வெளிய கழிச்சல் தெரியாம போறதுக்கும் குட்டிக்கு உடனே தெரியறதுக்கும் இதுதான் காரணம்.

எதிர்ப்பு சக்தியும் அதே வாரம் ஓட்டை. பன்றி நஞ்சுக்கொடி வழியா ஆன்டிபாடி குட்டிக்குப் போகாது, குட்டி வெறுங்கையோட பிறக்கும், சீம்பால்ல வர்ற ஐஜிஜி ஆன்டிபாடிய முதல் 24லேர்ந்து 36 மணி நேரத்துக்குள்ள குடல் அப்படியே முழுசா விழுங்கி ரத்தத்துக்கு அனுப்பும், அதுக்கப்புறம் அந்த வாசல் சாத்திடும். பிறகு பால்ல வர்றது பெரும்பாலும் ஐஜிஏங்கிற இன்னொரு ஆன்டிபாடி, அது ரத்தத்துக்குப் போகாது, குடல் சுவர்ல பூசின மாதிரி நின்னு ஈ.கோலைய ஒட்ட விடாது, ஆனா ஒவ்வொரு தடவை பால் குடிக்கும்போதும் புதுசா பூசிட்டே இருக்கணும். பிரிச்ச அன்னைக்கே அந்த பூச்சு நின்னு போகுது. குட்டி சொந்தமா ஐஜிஏ தயார் பண்ண இன்னும் சில வாரம் ஆகும். தாய்க்கு சினைல ஈ.கோலை தடுப்பூசி போட்டிருக்கோமேன்னு இந்த பண்ணைலயும் கேட்டாங்க, அது பிறந்த குட்டியக் காப்பாத்தும், பால் இருக்கிற வரைக்கும்தான்.

வைத்தியம். சீரியஸா இருந்த குட்டிங்களுக்கு மொதல்ல தண்ணியும் உப்பும், மருந்து அப்புறம். இங்கதான் ஈ.கோலை கழிச்சலோட ஒரு நல்ல பக்கம் உதவுது, டாக்ஸின் சோடியத்தோட ஒரு வாசல அடைச்சாலும் எஸ்ஜிஎல்டி1ன்னு இன்னொரு வாசல் இருக்கு, அது ஒரு க்ளூக்கோஸோட ரெண்டு சோடியத்த சேர்த்து இழுக்கும், அத டாக்ஸின் தொடாது. தண்ணி பின்னாடியே வரும். 1960ல ப்ராக்ல நடந்த கூட்டத்துல ராபர்ட் கிரேன்ங்கிற ஆராய்ச்சியாளர் இந்த ஜோடி இழுப்ப எடுத்து வெச்சார், 1971ல வங்காள அகதி முகாம்ல காலராவுக்கு டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைச்சு டிரம்ல வெச்சு வாய் வழியாவே குடுத்து சாவ வெகுவா குறைச்சார், காலரா டாக்ஸினும் நம்ம எல்டி டாக்ஸினும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. 2002லேர்ந்து மனுஷனுக்கு சொல்ற ஓஆர்எஸ்ல சோடியம் 75, க்ளூக்கோஸ் 75 மில்லிமோல், மத்த உப்பும் சேர்த்து மொத்தம் 245. குட்டிங்களுக்கு க்ளைசின் சேர்த்த எலக்ட்ரோலைட் பொடி குடுத்தோம், க்ளைசினுக்கும் சோடியத்தோட போற தனி வாசல் உண்டு. ஆழமில்லாத தட்டுல, நாளைக்கு பல தடவை, சுவர்ல இருக்கிற தண்ணி நிப்பிள்ல இல்ல, ஏன்னா தளர்ந்து கிடக்கிற குட்டி நிப்பிள் தேடிப் போகாது. சர்க்கரைய தாராளமா அள்ளிப் போடுறவங்க இருக்காங்க, அப்படிப் போட்டா சவ்வூடு பரவல்ல தண்ணி உள்ள போறதுக்கு பதிலா வெளிய வரும், கழிச்சல் கூடும். ரோட்டா இருந்த சின்ன குட்டி அறைல உறிஞ்சுற செல்லே குறைவா இருக்கிறதால கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுக்கச் சொன்னோம். மூணு வார குட்டிக்கு பள்ளத்துலேர்ந்து நுனிக்கு செல்லு ஏற ரெண்டுலேர்ந்து நாலு நாள் போதும், பிறந்த குட்டிக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதனாலதான் அதே வைரஸ் அங்க கொல்லுது, இங்க தாண்டி வந்துடுது. அந்த அறைக்கு ஆன்டிபயாட்டிக்கே போடல. பெரிய குட்டி அறைங்கள்ல மட்டும் சென்சிட்டிவிட்டி பார்த்து படுத்த குட்டிங்களுக்கு ஊசி, தண்ணில கலக்கிறத நிறுத்திட்டோம், நோயாளி குட்டி அந்த தண்ணிய குடிக்கவே இல்லங்கிறதுதான் நிஜம்.

அடுத்த பேட்ச்சுகளுக்கு மாத்தினதுல எனக்கு ரொம்ப பலன் தந்ததா படுறது தீவன ஃபார்முலா இல்ல, முதல் ரெண்டு நாள். பிரிக்கிற வயச 28க்கு தள்ளினாங்க, ஓனர் லேசுல ஒத்துக்கல, தாய் அடுத்த சினைக்குப் போறது ஒரு வாரம் தள்ளும்னு கணக்கு பேசினார், கணக்கு சரிதான், செத்த குட்டியையும் அந்த கணக்குல சேருங்கன்னு சொன்னேன். முதல் மூணு நாள் தீவனத்த வெதுவெதுப்பான தண்ணில கூழா கரைச்சு நீளமான தொட்டில, எல்லா குட்டியும் ஒரே நேரத்துல தலை நுழைக்கிற மாதிரி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா. மீந்தத எடுத்துட்டு கழுவணும், கூழ் புளிச்சு கெட்டா அதுவே தனி கழிச்சல். நிப்பிள் உயரம் பார்த்தோம், முன்ன இருந்த பெரிய பன்றிக்கு வெச்ச உயரத்துலயே இருந்துச்சு, குட்டி எக்கி எக்கி குடிச்சிருக்கு, தண்ணி குடிக்காத குட்டி காய்ஞ்ச தீவனமும் தின்னாது. படுக்கிற இடத்துல முதல் வாரம் 28லேர்ந்து 30 டிகிரி. தாய்கிட்ட இருக்கும்போதே பத்தாவது நாள்லேர்ந்து கிரீப் தீவனம் தரைல பரப்பி வெச்சு, தினமும் பழசு மாத்தி.

தீவனத்துல புரதம் 22 சதவீதத்துக்கு மேல இருந்தத 18 பக்கம் இறக்கினோம், லைசின், மெத்தியோனின், த்ரியோனின், ட்ரிப்டோஃபான்ங்கிற அமினோ அமிலங்கள தனியா சேர்த்து. சோயா பிண்ணாக்கு குறைச்சு, சுண்ணாம்புத் தூள குறைச்சு, ஃபார்மிக் அமில உப்பு கொஞ்சம், கரையாத கரடு நார் கொஞ்சம். வளர்ச்சி சில நாள் மெதுவாகும், அத பின்னாடி பிடிச்சிடும்.

ஜிங்க் ஆக்ஸைடு பத்தி கட்டாயம் கேப்பாங்க. 2500லேர்ந்து 3000 பிபிஎம் (கிலோ தீவனத்துக்கு அத்தனை மில்லிகிராம்) ரெண்டு வாரம் போட்டா கழிச்சல் குறையும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அதுல பெரும்பகுதி உறிஞ்சப்படாம மலத்தோட மண்ணுக்குப் போகும், மண்ணுல சேர்ந்துட்டே போகும், உலோகத்தத் தாங்குற பாக்டீரியா ஆன்டிபயாட்டிக்கையும் தாங்குற ஜீனோட கூட வரும். ஐரோப்பிய யூனியன் 2022 ஜூன்லேர்ந்து அந்த அளவ மருந்தா குடுக்கிறத நிறுத்திடுச்சு, தீவனத்துல 150 பிபிஎம் வரைக்கும்தான். குழந்தைகளுக்கு பேதில 20 மில்லிகிராம் ஜிங்க் குடுக்கிறதோட இத குழப்பிக்கிறவங்க உண்டு, அது குறைபாட்ட சரி பண்ற அளவு, இது குடல்ல மருந்து மாதிரி கொட்டுற அளவு. இந்த பண்ணைல நாங்க போடல. முதல் ரெண்டு நாள் தின்ன வைக்காம ஜிங்க் போட்டு ஓட்டுறது கொலிஸ்டின் கதையேதான்னு என் எண்ணம், வேற டாக்டருங்க வேற மாதிரி சொல்லலாம்.

மூணு பேட்ச் தாண்டி சாயம் போட்டு திரும்பப் பார்த்தப்போ முதல் நாள்ல நிறம் வராத குட்டி சிலதுதான் இருந்துச்சு. கழிச்சல் முழுசா போகல, அஞ்சாம் நாள்ல சில அறைல இளகலா போகுது, ஆனா குட்டி நல்லா ஓடுது, பேப்பர் நடுவுல நிக்குது, அதுக்கு ஒண்ணும் குடுக்கிறதில்ல, கூழ் மட்டும் ஒரு நாள் நீட்டுவாங்க. எஃப்4 வந்து ஒட்டுற இடம், அதாவது ரிசெப்டார், எல்லா குட்டிக்கும் இருக்கிறதில்ல, அது பரம்பரை, ரிசெப்டார் இல்லாத வம்சத்து கிடா வாங்கலாமான்னு ஓனர் இப்ப கேக்குறார், டென்மார்க்ல அந்த மாதிரி மார்க்கர் பார்த்து தேர்வு பண்ணியிருக்காங்க, வாங்கறதுன்னா வாங்கலாம். இப்போதைக்கு நான் சொல்லி வெச்சிருக்கிறது வேற, எஃப்18 வகை பின்னாடி உள்ள வரலாம், அதோட ரிசெப்டார் பிறந்த குட்டிக்கு இருக்காது, வயசாக ஆகத்தான் வரும், 28 நாள்ல பிரிக்கிறப்போ அதுக்கு இடம் தயாரா இருக்கும், அதுல சிலது விடுற டாக்ஸின் எடிமாங்கிற வீக்க நோயக் கொண்டு வரும். கழிச்சலே இல்லாம நல்லா இருந்த குட்டி ஒண்ணு காலைல கண் இமை வீங்கி, போதைல நடக்கிற மாதிரி தள்ளாடிட்டு நின்னா ஊசி தேடாதீங்க, அந்த குட்டிய தனியா வெச்சுட்டு உடனே கூப்பிடுங்கன்னு.